காவேரிப் பாலத்தில் பஸ் நின்ற காலை

தினமும் போய் வருகிற பாதை ஒருவனுக்கு மறந்து போகுமா? சோற்றை எடுத்த கைக்கு வாய் இருக்கும் இடம் மறக்குமா? எனக்கு மறந்தது. கர்த்தருடைய பிள்ளைகளாகிய உங்களிடம் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். கேட்டு முடித்த பிறகு உங்களுக்கு இரண்டொரு சந்தேகம் மிச்சம் இருந்தால் என்னைக் கோபிக்காதீர்கள். எனக்கே இன்னும் இருக்கிறது.

1963, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள். அப்போது நான் திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியின் டவுன் பஸ் டிரைவர். ஜங்ஷனில் எடுத்தால் பாலக்கரை, சத்திரம், காவேரிப் பாலம். பாலம் இறங்கியதும் மாம்பழச் சாலை. அங்கே பாதை பிரியும். வலது கை திருவானைக்கோவிலுக்கு, இடது கை அம்மா மண்டபம் வழியாக ஸ்ரீரங்கத்துக்கு. என் வண்டி இடது கை வண்டி. மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி அது தானாகவே திரும்பும் என்று விளையாட்டாகச் சொல்வேன்.

ஒருநாள் மாம்பழச் சாலையில் ஆட்களை இறக்கியதும், கண்டக்டர் காதர் பாய் பின்னாலிருந்து "ரைட்" என்று குரல் கொடுத்தார். பஸ்ஸில் ரைட் என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். என் காதில் அன்றைக்கு அது வலது பக்கம் என்று விழுந்தது. வலது பக்கம் திருப்பிவிட்டேன். எதிரே தெரிந்த கடைகள், மரங்கள் எல்லாம் சரிதான் என்றே பட்டன. வண்டிக்குள் சலசலப்பு எழுந்தது. ஒருவர் ஜன்னல் பக்கமிருந்து நிதானமாகக் கேட்டார்.

"டிரைவரண்ணே, ரங்கநாதருக்கு இன்னிக்கு லீவு விட்டுட்டீங்களா? ஜம்புகேஸ்வரர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினால் வந்த வழிக்குப் போகலாம் என்று எனக்குத் தெரியவில்லை. காதர் பாய் முன்னால் வந்து, கையைப் பிடிக்காத குறையாக வழி சொன்னார். சட்டை முழுக்க வியர்வை. கை நடுக்கம். அறுபது உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு வழி தெரியவில்லை என்றால் அதைவிடப் பயங்கரம் உண்டா?

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. கார்த்திகை மாதத்திலேயே எனக்கு நீரிழிவு என்று கண்டுபிடித்திருந்தார்கள். உறையூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் சர்க்கரையைத் தொடக்கூடாது என்றார், தினமும் காலையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடி என்றார். அப்படியே செய்தேன். உடம்பும் தேறியது. மாசியில் லெந்து பிறந்ததும், இந்த வியாதியை அடியோடு எடுத்துப்போடும் ஆண்டவரே என்று பொருத்தனை செய்து உபவாசத்தில் உட்கார்ந்தேன். விடியற்காலை எழுந்து ஜெபம், பிறகு மாத்திரை, பிறகு வண்டி. காலைப் பலகாரம் கிடையாது. மத்தியானம் ஷெட்டுக்கு வந்துதான் சோறு.

மாம்பழச் சாலை விஷயத்துக்குப் பிறகு ஊரெல்லாம் எனக்கு வைத்தியர்கள். என் வீட்டுக்காரி எஸ்தர், சபைக்குப் போகிறவள்தான், இருந்தாலும் கண்ணேறு பட்டிருக்கும் என்று உப்பைச் சுற்றிப் போட்டாள். ஷெட்டில் ஒரு கிளீனர் சூனியம் என்றான். காதர் பாய் தூக்கம் போதவில்லை என்று சொல்லி, சத்திரத்தில் நின்றபோது டீ வாங்கி நீட்டினார். உபவாசம் பாய் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பெனி செக்கரிடம் போய் என் நிலைமையைச் சொன்னேன். ஆள் இல்லை, லெந்து முடிந்ததும் லீவு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கென்னவோ இது சோதனை என்று பட்டது. யோபுவுக்கு வந்தது மாதிரி. காலையில் தலை தெளிவாக இருக்கும். பத்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கும். சோறு தின்றதும் விலகிவிடும். நான் சோற்றை நினைக்கவில்லை. சாப்பிடுமுன் முழங்காலில் நின்று செய்கிற ஜெபத்தின் பலன் என்று நினைத்தேன். ஜெபத்துக்கே இவ்வளவு பலன் என்றால் உபவாசத்தை இன்னும் கூட்டினால்? இரண்டு மணி வரைக்கும் நீட்டினேன். பனியும் நீண்டது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று பயணிகளுக்கெல்லாம் பழமொழி சொல்கிறவன் நான். பத்தோடு பதினொன்றாகப் புத்தியும் பறக்கும் என்று எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

சில நாள் வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் அழுதிருக்கிறேன். மூன்று பிள்ளைகள். டிரைவர் வேலையைத் தவிர வேறு தொழில் தெரியாது. விட்டால் சோறில்லை. விடாவிட்டால் ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவேன். கடைசியில் ஒரு காலை, வண்டியை எடுக்குமுன் ஸ்டீயரிங்கிலேயே தலையைச் சாய்த்துக் கேட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தெளிவு கொடும். இல்லாவிட்டால் இந்தச் சக்கரத்தை என் கையிலிருந்து பிடுங்கிப்போடும். இரண்டில் எது உமக்குச் சித்தமோ, இன்றைக்கே செய்யும்." அவ்வளவுதான் ஜெபம். அதைவிட நீளமாகச் செய்யத் தெம்பு இல்லை.

அன்று சத்திரத்தில் கூட்டம் அதிகம். முன் சீட்டில் வழக்கம்போல ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் ஏறி உட்கார்ந்தார். டவுனில் பிள்ளை பெற்றிருந்த மகளுக்குக் காலையில் சமைத்துக் கொடுத்துவிட்டு இந்த வண்டியில்தான் திரும்புவார். ஒருநாளும் என்னோடு பேசியதில்லை.

பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். முன்னால் ஒரு கட்டைவண்டி. நிறுத்த வேண்டும். கால் கீழே இருக்கிறது, மூன்று மிதி இருக்கிறது, எது எதற்கு என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றை அழுத்தினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அப்படியே அணைந்து நின்றது. கட்டைவண்டி தன்பாட்டுக்குப் போனது. எனக்குக் காவேரி தெரிந்தது. மலைக்கோட்டையும் கண்ணாடியில் தெரிந்தது. ஆனால் நான் யார், இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரியவில்லை. பின்னால் ஒரே ஹாரன். காதர் பாய் என்னண்ணே, என்னண்ணே என்று தோளைப் பிடித்து உலுக்குகிறார். யாரோ குடிச்சிருக்கான்யா என்றார்கள்.

அந்த மாமி எழுந்து என் பக்கம் வந்தார். என் நெற்றி வியர்வையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"டிரைவர், காத்தால ஏதாவது சாப்பிட்டேளா?"

இல்லை என்று தலையாட்டினேனாம். காதர் பாய்தான் பதில் சொன்னார். "அண்ணனுக்குச் சக்கரை வியாதிம்மா. மாத்திரை போடுறாரு. இப்ப விரதம் வேற."

மாமி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கற்கண்டு. எனக்கு அந்த மயக்கத்திலும் நாக்கு குழறிக்கொண்டு வந்தது. சக்கரை ஆகாதும்மா, டாக்டர் சொல்லியிருக்கார், நான் வேதக்காரன், உபவாசம் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன்.

"வேதமும் டாக்டரும் அப்புறம் இருக்கட்டும். வாயைத் திறங்கோ."

அதட்டினார். திறந்தேன். கட்டி கட்டியாக வாயில் போட்டார். கடிங்கோ, முழுங்குங்கோ என்று சொல்லிக்கொண்டே நின்றார். நேரம் போகப் போக, ஈரத்துணியால் பலகையைத் துடைத்த மாதிரி ஒவ்வொன்றாகத் தெளிந்தது. இது கிளச்சு. இது பிரேக்கு. இவர் காதர் பாய். நான் ஞானமுத்து. பின்னால் வந்த எங்கள் கம்பெனி வண்டி டிரைவர் இறங்கி வந்து என் பஸ்ஸைப் பாலம் தாண்டி நிறுத்தினார். என்னை அந்த மாமி ஓட்ட விடவில்லை. சக்கரத்தைப் பிடுங்கிப்போடும் என்று கேட்டதும் நடந்தது, தெளிவு கொடும் என்று கேட்டதும் நடந்தது. இரண்டில் ஒன்றுதானே கேட்டேன்?

காதர் பாய் அன்றைக்கே என்னை உறையூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். மாத்திரையை எப்படிப் போட்டாய் என்று கேட்டார் டாக்டர்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி."

"எவ்வளவு முன்னாடி?"

"விடியக்காலை போடுவேங்க. சாப்பாடு ரெண்டு மணிக்குங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். காதர் பாய் சும்மா இருக்காமல், "அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க, முன்னாடிதானே போட்டாரு" என்றார். டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. மாத்திரை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கிறது, வயிற்றில் ஒன்றும் விழாவிட்டால் மூளைக்குப் போகிறதும் வற்றிவிடுகிறது, அதனால்தான் தடுமாற்றம் என்று விளக்கினார். இலையில் உட்காருகிறதற்குக் கொஞ்சம் முன்னாடி என்று தான் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு தன் பேரிலும் இருக்கிறது என்று அவரே சொன்னார். மருந்தை மாற்றினார். தான் சொல்லும் வரை வண்டியைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச காலம் ஷெட்டில் டயர் வேலை பார்த்தேன். பிறகுதான் மறுபடி சீட்டில் ஏறினேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அதற்கப்புறம் ஒருநாளும் வழி தவறவில்லை.

ஆனால் மனசு அடங்கவில்லை. வியாதி நீங்கத்தான் உபவாசம் இருந்தேன், அந்த உபவாசமே வியாதியாயிற்றே. அதோடு, அந்தக் கற்கண்டு எங்கிருந்து வந்ததோ, கோவிலில் படைத்ததாக இருந்தால்? எங்கள் சபை ஐயரிடம், போதகரைத்தான் சொல்கிறேன், போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தெளிவு குடும்னுதானே கேட்டே ஞானமுத்து? எந்தக் கடையில வாங்கிக் குடுக்கணும்னு சொல்லலையே."

உபவாசம் தப்பு என்று அவர் சொல்லவில்லை. உன் உபவாசத்தை வேறு இடத்தில் வை என்றார். அந்த இடம் ஓயாமல் பேசுகிற என் வாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இப்போதெல்லாம் லெந்து வந்தால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேச்சைக் குறைக்கிறேன். பட்டினியே சுலபம் என்று தோன்றுகிறது.

அந்த மாமிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எஸ்தரும் நானும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். சித்திரை வீதியில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். வாசலிலேயே நின்று பேசினார். கற்கண்டு எங்கே வாங்கியது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. உங்களுக்கு எப்படியம்மா தெரிந்தது என்று மட்டும் கேட்டேன்.

"எங்காத்துக்காரருக்கும் இப்படித்தான் வரும். அவருக்காகத்தான் எப்பவும் மடியில வெச்சுண்டிருப்பேன். ஒருநாள் நான் பக்கத்துல இல்லே."

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் போய் வருஷமாகியும் அந்தப் பொட்டலத்தை எடுத்து வைக்காமல் வெளியே கிளம்ப வரவில்லை என்று பிறகு மெதுவாகச் சொன்னார். பழத்தை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பயணியாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளும் அவர் கணவருக்காகக் கேட்டிருப்பார் அல்லவா? எனக்குக் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர் இழந்ததிலிருந்து எடுத்தா எனக்குக் கொடுக்கப்பட்டது? இதை ஜெபத்தில் பலதரம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அன்று முதல் என் ஜெபத்தில் என் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அந்த மாமியும் உண்டு. பெயர் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்து மாமி என்றே சொல்கிறேன், ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

பிரியமானவர்களே, எல்லாம் விளங்கின பிறகு நம்பலாம் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. குழம்பிக்கொண்டே கேளுங்கள். இரண்டு வார்த்தைதான் வருகிறதென்றால் இரண்டு வார்த்தையில் கேளுங்கள். பதில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வந்தால் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன். என் வண்டியில் ஏறினவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கே நான் சாகிற வரைக்கும் நன்றி சொன்னாலும் தீராது.