தலைவர் வீட்டுப் பாடு

கோட்டைக்குள் ஒல்லாந்தர் நடத்திய பள்ளியில் எங்கள் நைனா என்னையும் அண்ணனையும் சேர்த்தார். நான் பாதியில் ஓடிப்போய் ஊர் ஊராகத் திரிந்தேன். அண்ணன் முழுசாகப் படித்தான். கையைக் கட்டிக்கொண்டு நேராக நிற்க அங்கே அவனுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தகுதிக்காகவே ஊர் அவனைத் தலைவனாக்கியது.

ஏரியில் இறால் ஓடும் இடத்தில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து வலை கட்டுவோம். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்தான் கட்டலாம். நான் ஊர் திரும்பியிருந்த சமயம் எங்கள் வீட்டுப் பாடு வந்தது. வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. அண்ணனோ சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கோட்டைக்குப் புறப்பட்டான். புதிய துரைக்கு வரவேற்பாம்.

"தலைவன் இல்லன்னா துரை இன்னா நெனப்பாரு?" என்றான்.

"நீயாச்சும் போய்க் கட்டுப்பா," என்று அண்ணி என்னிடம் கெஞ்சினாள்.

போனேன். பக்கத்துப் படகுக்காரர்கள் மறித்தார்கள். ஒருவன் கத்தினான்: "பொண்டாட்டி இல்லாதவனுக்கு ஏதுடா பாடு? உங்கண்ணன்தானே போன மாசம் என் தம்பிய இப்படிச் சொல்லித் தொரத்துனான்!"

அதற்குள் கடலிலிருந்து ஏறிய நீர் வடிந்தது. இறால் போய்விட்டது. வெறுங்கூடையோடு திரும்பினேன்.

சாயங்காலம் அண்ணன் பூரித்துப்போய் வந்தான். "துரை என்னப் பாத்துத் தலையாட்டுனாரு!"

அண்ணி காலிச் சட்டியை அவன் முன்னால் வைத்தாள். "அந்தத் தலைய ஏன்யா அங்கயே வுட்டுட்டு வந்த? கொண்ணாந்திருந்தா புள்ளைங்களுக்குக் கொழம்பாவது வெச்சிருப்பேன்."

அண்ணன் அங்கி கசங்காமல் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தான்.