பாங்கொக்குக்குப் போய்த் திரும்பி வருவது எப்படி

இந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஐந்து இரவுகள் பாங்கொக்கில் இருந்துவிட்டு வந்தோம். நான், மனைவி ரேணுகா, பதினான்கு வயது மகள் அபிரா, ஒன்பது வயது மகன் கவின். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி கொழும்புக்குள்ளேயே நடக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாங்கொக்கில் பார்க்க வேண்டியவற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து அங்கே போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பயணம் ஆறு நாள். தீர்மானிக்க ஒரு மாதம் பிடித்தது.

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நடக்கக்கூடிய கேடுகளை முன்கூட்டியே யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆகவே மழை, விமானத் தாமதம், கவினின் வயிறு, டெங்கு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கவலைப்பட்டு முடித்திருந்தேன். நாங்கள் திரும்பி வருவோம் என்பதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது மட்டும் என் கணிப்பில் வரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை வெளிநாடு என்பது போகிற இடம். போய் வருகிற இடமல்ல. ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மொத்தமாகப் பாங்கொக் போகிறது என்றால், பாங்கொக் நடுவில் உள்ள ஒரு தரிப்பிடம். மிச்ச வழியைக் கேட்பது மரியாதையில்லை. "சும்மா சுத்திப் பாக்கத்தான்" என்று நாங்கள் சொன்னபோது எல்லோரும் குரலைத் தாழ்த்தி, "ஓம் ஓம், அப்பிடித்தான் சொல்ல வேணும்" என்றார்கள்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுச் சிவா அன்ரி. வந்து, குந்தாமல், நேரே குசினிக்குள் போய் எங்கள் பிறிட்ஜைத் திறந்து பார்த்தார்.

"ரேணு, இது எத்தினை வருஷம்? சத்தம் போடுறதில்லையே?"

"ஏன் அன்ரி?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. வெளி ஆக்களுக்குக் குடுக்கிறதெண்டா என்னட்டையும் ஒரு சொல்லுச் சொல்லு."

மூன்று நாள் கழித்து வீட்டுச் சொந்தக்காரர் நசீர் ஹாஜியார் மாடியேறி வந்தார். எழுபது வயது, முழங்கால் வருத்தம், சாதாரணமாக வாடகைக்குக்கூட ஏறி வருபவரல்ல. "என்ன மகன், எனக்கிட்ட ஒண்டும் செல்லாமலே போகப் பாத்தீங்களா? நல்ல குடும்பம் ஒண்டு ஊடு தேடிட்டு ஈக்கி. நீங்க நாளச் சென்னா நான் அவங்களுக்கு வாக்குக் குடுப்பன்" என்றார். ஆறு நாளில் திரும்பிவிடுவோம் என்று சொன்னேன். தோளில் தட்டி, "அல்லாஹ் காப்பாத்துவான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த நாள் யாரோ ஒரு தம்பதி கீழே நின்று எங்கள் பல்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. எனக்கு நித்திரை வராமல் செய்தது வேறு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா வதனிக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். நாங்கள் ஐந்து பேர் பிறந்த குடும்பம். பெரியண்ணா இரண்டு கிழமைக்கு என்று சிங்கப்பூர் போனார். இப்போது ரொறன்ரோவில் பனி அள்ளுகிறார். மலர் அக்கா ஒரு சிநேகிதியின் கலியாணத்துக்கு என்று லண்டன் போனார். அந்தச் சிநேகிதிக்கு விவாகரத்தும் ஆகிவிட்டது; மலர் அக்கா இன்னும் கலியாண வீட்டிலிருந்து வரவில்லை. சின்னண்ணா போனது பாங்கொக்குக்கு.

மூன்று பேரையும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பியது வதனி அக்காதான். பிற்காலத்தில் அவர்கள் இலங்கை வந்தபோதும் தாங்களே வாகனம் பிடித்து ஹோட்டலில் இறங்கி, மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்து, சொக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிஞ்சி இருப்பது நான். இப்போது நானும் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பாங்கொக் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பயண முகவர் ஒரு தவணை கொடுத்திருந்தார். குறித்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் நான்கு பேருக்கும் கட்டிய ஏழு இலட்சத்து நாற்பதாயிரமும் திரும்பும். ஆறு மணிக்குப் பிறகு ஒன்றும் திரும்பாது. அந்தச் சனிக்கிழமை மதியம் வரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். ரேணுகா பொறுத்துப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அக்காட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. போவமெண்டா போவம், விடுவமெண்டா விடுவம். இன்னொரு கிழமை உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலேலாது."

வெள்ளவத்தைச் சந்தையடியில் 1.40க்கு, கொட்டாஞ்சேனையால் போகும் மட்டக்குளிப் பஸ் ஏறினேன். கட்டணம் 77 ரூபாய். எண்பது கொடுத்தால் மூன்று ரூபாய் வராது. பதினொரு கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலமும் பதினைந்து நிமிடமும். ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்ற வசதி இந்தப் பஸ்ஸில் உண்டு. இரண்டு தரம் எழுந்து நின்றேன். இரண்டு தரமும் யாரோ என் இருக்கையில் உட்காரப் பார்த்ததால் திரும்ப இருந்துவிட்டேன்.

கதவைத் திறந்த அக்கா, "வா, எண்டைக்குப் போறனெண்டு சொல்லத்தானே வந்தனீ?" என்றார்.

"ஆர் சொன்னது?"

"சிவாவின்ர தங்கச்சி எங்கட கோயிலுக்குத்தானே வாறவ. பிறிட்ஜில ஐயாயிரம் குறைப்பியளோ எண்டு என்னட்டக் கேக்கிறா."

மேசையில் ஒரு நீல பைல் இருந்தது. அக்கா அதை என் பக்கம் தள்ளினார். எங்கள் நான்கு பேரின் பிறப்புச் சான்றிதழ்களும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு, ஆளுக்கு மூன்று பிரதி. விவாகப் பதிவும் இருந்தது. குடும்பத்துக் காகிதங்களின் பிரதிகளெல்லாம் அக்காவிடம்தான் இருப்பது வழக்கம். அவற்றை எடுத்துக்கொண்டு தன்பாட்டில் போய், வரிசையில் நின்று, தன் ஓய்வூதியத்தில் செய்வித்திருக்கிறார்.

"அங்க இருக்க விடுறதுக்கு இதெல்லாம் கேப்பாங்கள்" என்றார். "சின்னண்ணாவுக்குப் பிறகு தபாலில அனுப்பி, அது துலைஞ்சு, ரெண்டாந்தரமும் செய்தது. முதலே கொண்டு போனா அலைச்சல் இல்லை."

"அக்கா, நாங்கள் ஆறாம் நாள் வந்திடுவம். ரிட்டேர்ன் ரிக்கற் இருக்கு."

"அவனிட்டையும் இருந்தது. ரிட்டேர்ன் இல்லாட்டி ஏத்தமாட்டாங்களடா."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். ஒரு குற்றச்சாட்டாவது இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், தொழில் அதுதான்.

"அப்ப நாங்கள் போகேல்லை" என்றேன்.

அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. "என்னைச் சாட்டாதை. நாளைக்குப் பிள்ளையள் கேட்டா, மாமி விடேல்லை எண்டு சொல்லப் போறாய். எனக்கு உந்தப் பேர் வேண்டாம்."

"அப்பிடியெண்டா நீங்களும் வாங்கோவன்."

"எனக்கு எங்கால பாஸ்போட்? ஆராவது ஒராள் வீட்டில இருக்கத்தானே வேணும், நீங்கள் போன் எடுக்கேக்க தூக்கிறதுக்கு. தேத்தண்ணி ஆறுது, குடி."

குடித்தேன். பைலை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கும்போது பின்னால் வந்து அதை என் பைக்குள் வைத்தார்.

4.40க்கு ஓட்டோ பிடித்தேன். பஸ் இனிச் சரிவராது. ஆறு மணிக்குள் வீட்டில் நின்று ரேணுகாவோடு கதைத்து முடிவெடுக்க வேண்டும். ஓட்டுநர் ராஜா, மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர். புறக்கோட்டை நெரிசல் என்று ஒருகொடவத்தையால் சுற்றிப் போனார். இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கொள்கலன் லொறியொன்று ஒரு களஞ்சிய முற்றத்துக்குள் பின்பக்கமாக ஏறுவதற்காக வீதியை மறித்து நின்றது. பதினேழு நிமிடம் அசையவில்லை. "ரத்துச் செய்யவும்" என்று தட்டெழுதி வைத்துவிட்டு, அழித்து, மறுபடி தட்டெழுதினேன். ராஜா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், அவசரமா?"

சொன்னேன். ஓட்டோவில் சொல்வதற்குச் செலவில்லை.

"போறதே போறீங்க, திரும்பி ஏன் சார் வரணும்?" என்று சிரித்தார். பிறகு லொறியைப் பார்த்துக்கொண்டே, "நானும் மூணு மாசத்துக்குன்னு சொல்லிட்டுத்தான் கொழும்புக்கு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. பஸ்ஸேறினா அஞ்சு மணி நேரந்தான், ஆனா பாருங்க" என்றார்.

இது எனக்கு உதவவில்லை. திரும்பாமல் போவதற்கு வெளிநாடு வேண்டாம், பஸ் போகிற தூரமே போதும் என்றால் நான் எந்த உறுதியில் ஆறாம் நாள் என்று சொல்கிறேன்? பாங்கொக்கில் யாராவது ஒரு நல்ல வேலை தருகிறேன் என்றால்? பிள்ளைகள் இங்கேயே இருப்போம் என்றால்? சின்னண்ணாவும் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கமாட்டான் என்பது அந்தப் பதினேழு நிமிடத்தில்தான் எனக்குத் தோன்றியது. ஏறும்போது அவனும் திரும்பி வருவதாகத்தான் இருந்திருப்பான். ரத்துச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கிருலப்பனை தாண்டிப் பாமன்கடைக்குள் இறங்கும்போது 5.52. செய்தியை அனுப்பப் போன நேரம் தொலைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, பிளேன் எத்தினை மணிக்கு?"

"வியாழக்கிழமை காலமை ஏழரைக்கு. ஆனா அக்கா..."

"அதில்லையடா. வாறது. வாறது எத்தினைக்கு?"

முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. எனக்கே உடனே ஞாபகம் வரவில்லை, பையைத் துழாவினேன்.

"செவ்வாய்க்கிழமை பதினொண்டே நாப்பது. பகல்."

"செவ்வாய், பதினொண்டு நாப்பது" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். எழுதுகிறார் என்று தெரிந்தது. "சரி, வை."

ஆறு மணி எங்கள் ஒழுங்கையின் முனையில் வந்தது. ஓட்டோ 1,480 ரூபாய். செய்தி அனுப்பப்படாமலே கிடந்தது, பிறகு அழித்தேன்.

அக்கா வழியனுப்ப வரவில்லை. "மூண்டு பேரை அனுப்பினது காணும்" என்றார்.

பாங்கொக் நன்றாக இருந்தது. ஆற்றில் படகு, மிதக்கும் சந்தை, கவினின் வயிறு (இரண்டாம் நாள் மட்டும்). தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு அக்காவிடமிருந்து ஒரே செய்தி வந்தது: "ரிக்கற் பத்திரமோ?" நானும் தினமும் எடுத்துப் பார்த்தேன். கடைசி நாள் விமான நிலையத்துக்கு ஐந்து மணித்தியாலம் முன்னதாகப் போய்விட்டோம். ரேணுகாவும் பையை முதல் நாளே கட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விமானம் நேரத்துக்கு இறங்கியது. பொதிகள் எடுத்து 12.35க்கு வெளியே வந்தோம். அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார். பெயர் அட்டைகளோடு நின்ற கூட்டத்தில் அவர் இல்லை. போனை ஆறு தரம் எடுத்தேன்; தூக்கவில்லை. அபிரா இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். நான் என் தொழிலுக்குரிய எல்லாக் கேடுகளையும் வரிசையாக யோசித்து முடித்தபோது கவின், "அப்பா, மாமி அங்க நிக்கிறா" என்று கத்தினான்.

புறப்பாட்டு வாசலுக்கு எதிரே, வேலியைப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காலை ஒன்பதரைக்கே பஸ்ஸில் வந்துவிட்டாராம். கையில் தண்ணீர்ப் போத்தலும் மீன் ரோல்ஸ் பொதியும். போன் பைக்குள் அடித்தது கேட்கவில்லை.

கவின் போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தான். திரும்பிப் பார்த்தார். சிறிது நேரம் எங்களை எண்ணினார்: நான்கு பேர்.

"எந்தப் பக்கத்தால வந்தனீங்கள்?" என்று பேசத் தொடங்கினார். "நானும் பாத்துக்கொண்டு நிக்கிறன், உள்ளுக்குப் போற சனமாத்தான் வருது, ஒருத்தரும் வெளியில வரக் காணேல்லை. எனக்கு இந்த வாசல்தானேடா தெரியும்."

வெள்ளவத்தையில் வாகனத்தை விட்டு இறங்கியபோது சிவா அன்ரி கேற்றடியில் நின்றார். பெட்டிகளைப் பார்த்து முகம் வாடிவிட்டது. "ஐயோ தம்பி, திருப்பி அனுப்பிப்போட்டாங்களோ?" என்றார்.

"இல்லை" என்றார் அக்கா, எங்களுக்கு முந்தி. "லீவு முடிஞ்சுது."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். விசா விதிகள் மாறிக்கொண்டிருக்கும், போகுமுன் சரிபாருங்கள். பிறிட்ஜைப் பற்றி எவரிடமும் கதைக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு சுற்றுலாவுக்குத் தேவையில்லை; எங்களிடம் பன்னிரண்டு கிடக்கிறது. கட்டுநாயக்கவில் வருகை வாசல், புறப்பாட்டு வாசலிலிருந்து சில நிமிட நடைதான். வீட்டில் இருப்பவர்களுக்கு, நீங்கள் புறப்படுமுன், ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டி வையுங்கள்.