படத்துக்குள் வந்த அப்பா

மண் ஏற்றும் டிப்பர் லொறி பின்னுக்கு வரும்போது போடும் கீக் கீக் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும். என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். பன்னிரண்டு வயதில் அவர் எதையும் உயிரைக் கொடுத்துப் படம் பிடித்ததில்லை. அவர் பிடித்ததன் தலையில் யாரும் கிரவல் மண் கொட்டியதுமில்லை.

களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, வாவியை ஒட்டிய ஊர் எங்களுடையது. வளவின் பின்வேலியைத் தாண்டினால் கொஞ்சம் சதுப்பு, அதில் ஆளுயரத்துக்குப் பன்புல், அதற்கங்கால் சேற்றில் வேரூன்றி நிற்கும் சில கண்ணா மரங்கள், பிறகு தண்ணீர். அந்தச் சதுப்பும் எங்கள் காணி உறுதிப் பத்திரத்துக்குள் அடங்கியது என்று எனக்குத் தெரியாது. யாரும் அங்கே போகாததால் அது யாருக்கும் சொந்தமில்லை என்றும், யாருக்கும் சொந்தமில்லாததால் என்னுடையது என்றும் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் விஞ்ஞான ரீச்சர் வகுப்பில் ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னார். பட்டணத்தில் ஏதோ ஒரு சங்கம் நடத்துகிறதாம். பெரிய கமரா வேண்டியதில்லை, கையிலிருக்கும் போனே போதும். தலைப்பு ‘ஓரிடம்’. வாவிக்கரையில் ஏதாவதோர் இடத்தை எடுத்து, ஒரே கோணத்தில் பல நாள் பிடித்து, சின்னப் படமாக்கிக் கொடுக்க வேண்டும். கமரா அசையக் கூடாது. முக்கியமாக, படத்துக்குள் மனிதர் ஒருவரும் வரக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் மனிதர் தொல்லை அப்போது அவ்வளவு இருந்தது. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சுக்கால் முடிந்து, மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் வருவதும் போவதுமாக, தேத்தண்ணி ஊற்றியே என் கை நொந்துபோயிருந்தது.

போன் அக்காவுடையது. அது அவளுடைய காதிலேயே ஒட்டிக்கிடந்த காலம். அவள் குளிக்கப் போகும் நேரத்திலும் சமைக்கும் நேரத்திலும்தான் என் கைக்கு வரும். பன்புல்லுக்கு முன்னால் சேற்றில் ஒரு கண்ணாக் கம்பை இறுக்கி நட்டு, அதன் தலையில் ஒரு சிரட்டையை ஆணியடித்து, அதற்குள் போனைச் செருகினேன். கம்பு அசையாது, ஆகவே கோணமும் மாறாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் சேற்றில் தத்தித் திரியும் மீன்களும், ஒரு கொடுக்கை மட்டும் தூக்கி ஆட்டும் சின்ன நண்டுகளும்தான் அகப்பட்டன. பிறகு ஒருநாள் ஒரு கானாங்கோழி படத்துக்குள் நடந்து வந்தது. வெள்ளை நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டி, காணி பார்க்க வந்த ஆளைப் போல அங்குமிங்கும் பார்த்தது. மறுநாள் சோடியும் வந்தது. இரண்டுமாகப் பன்புல்லின் அடியில் கூடு வைத்து முட்டையும் இட்டுவிட்டன. இனி என் படத்துக்கு ஒரே ஒரு முடிவுதான்: கரிக்கட்டி போலக் குஞ்சுகள் வெளியே வந்து தாய்க்குப் பின்னால் ஓட வேண்டும். அது மட்டும் கிடைத்தால் முதலாம் இடம் எனக்கேதான். இரவு படுத்தாலும் அந்தக் குஞ்சுகள்தான் கண்ணுக்குள் ஓடின.

அப்பா வாவியில் இறாலுக்கு வலை வீசுபவர். விடியத் தோணியால் இறங்கி வரும்போது நான் கம்புக்குப் பின்னால் குந்தியிருப்பதைக் காண்பார்.

“எத்தினை நாளைக்கு மனே இந்தக் கூத்து?”

“குஞ்சு பொரிக்குமட்டும்.”

“சரி, அதுமட்டும் நான் ஒண்டும் செய்யல்ல.”

என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த வருடம் மாரி முந்திக்கொண்டு வரப் பார்த்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது. வேலிக் கடப்புக்கு வரும்போதே கீக் கீக் சத்தம் கேட்டது. புத்தகப் பையை முற்றத்தில் எறிந்துவிட்டு ஓடினேன். பின்வேலி பிரிக்கப்பட்டிருந்தது. மாமா, அம்மாவின் தம்பி, அவருடைய டிப்பரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பன்புல் இருந்த இடத்தில் சிவப்பாகக் கிரவல் குவியல் குவியலாக நின்றது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் அதை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார். கூடு எந்தக் குவியலுக்குக் கீழே என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

என் கம்பு மட்டும் நின்றது. ஏன் நின்றது என்று கிட்டப் போனபிறகுதான் விளங்கியது. வீட்டு அத்திவாரத்துக்கு மூலை பார்த்த மேசன் அதையே முளையாக வைத்து நூலைக் கட்டிவிட்டுப் போயிருந்தான். என் கம்பில்! நான் அசையாமல் நட்ட கம்பில்!

“சொன்னீங்களே! குஞ்சு பொரிக்குமட்டும் ஒண்டும் செய்ய மாட்டன் எண்டு சொன்னீங்களே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “வானத்தைப் பார் மனே. மழை விழுந்தா டிப்பர் இறங்காது. மறுகா அடுத்த வருசம்தான்.”

“முட்டை எங்க?”

அவர் கிரவலைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. ஒரு பிடி கிரவலை அள்ளி டிப்பர் கண்ணாடிக்கு எறிந்தேன். மாமா தலையை வெளியே நீட்டி, “மருமகளுக்குப் பேய் பிடிச்சிட்டு, அக்கா! வந்து பிடி!” என்றார். அம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுப்பினாள்.

“என்ன புள்ள இது? ஒரு குருவிக்காக ஊரைக் கூட்டுறியா? இருக்கிற வீடு கொக்காவுக்கு எண்டு ஆயிட்டு. பின்னால கட்டுறது ஆருக்கு எண்டு நினைச்சாய்?”

அவள் அப்படிக் கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. என் கணக்கு மிக எளிது. கல்யாணம் அக்காவுக்கு, ஆகவே வீடும் அக்காவுக்கு. இருக்கிற வீடும் அவளுக்கு, கட்டுகிற வீடும் அவளுக்கு, என்னுடைய கானாங்கோழியின் இடமும் அவளுக்கு. இவளை மாப்பிள்ளை எங்காவது கூட்டிக்கொண்டு போய்த் தொலைந்தால் என்ன என்று மனதாரத் திட்டினேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உள்ளே போய் அக்காவின் போனை, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, காதிலிருந்து பறித்தேன். அவள் கத்தக் கத்த ஓடிவந்து, நூல் கட்டிய என் கம்பின் சிரட்டையில் அதைச் செருகினேன். அதே கோணம். படத்துக்குள் இப்போது அப்பா இருந்தார். குனிவதும் இழுப்பதுமாக, முதுகில் வேர்வை வழிய, கிரவலைப் பரப்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கானாங்கோழியும் வந்தது. கிரவலின் மேல் ஏறி நின்றது, இறங்கியது, குவியலைச் சுற்றி வந்தது, மறுபடியும் ஏறியது. அதன் காலுக்குக் கீழேதான் கூடு இருந்திருக்கும். இருவரும் ஒரே படத்துக்குள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். பிடி, நன்றாகப் பிடி, ஊர் உலகமெல்லாம் பார்க்கட்டும் என்று அழுதுகொண்டே நின்றேன்.

ரீச்சர்தான் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் தந்தார். கடைசித் துண்டு விதிக்கு மாறானது என்று சொல்லிப் பார்த்தார். அது இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்றேன்.

முடிவு சொல்லும் நாளில் அப்பாவும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போடும் வெள்ளைச் சேட்டை அம்மாவிடம் கொடுத்து ஸ்திரிக்கை போட்டு மினுக்குவித்தார். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்வேனா? அன்றைக்காகத்தான் காத்திருந்தேன்.

மண்டபம் பட்டணத்தில், வாவியை நிரப்பி எடுத்த நிலத்தில் நின்றது. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது என் புத்தியில் ஏறவில்லை, அங்கிருந்த பெரியவர்களின் புத்தியிலும் ஏறியதாகத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளின் படங்களுக்குப் பிறகு என்னுடையது வந்தது. மீன், நண்டு, கானாங்கோழி, கூடு. சனம் ஆசையாகப் பார்த்தது. பிறகு கிரவல். சுவரளவு பெரிதாக அப்பாவின் முதுகு.

படம் முடிந்ததும் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். விதியை மீறியதால் பரிசு தர முடியாது, ஆனாலும் இந்தச் சிறுமியின் துணிவைப் பாராட்ட வேண்டும் என்றார். பேராசை பிடித்த இப்படிப்பட்ட மனிதர்களிடமிருந்துதான் எங்கள் வாவியைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொன்னார். மண்டபம் படபடவென்று கைதட்டியது.

நான் மெல்லப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். அப்பாவும் கைதட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “படம் வடிவா இருந்திச்சி மனே,” என்றார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் பெண் கல்யாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் பெற்றவர்கள் ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு வீடு கொடுத்தாக வேண்டும். இது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. ஆனால் அது என்னையும் சேர்த்துத்தான் என்று பன்னிரண்டு வயதில் யார் நினைப்பார்கள்? அக்கா முன்வீட்டிலேயே குடியிருந்தாள். பின்னால் அத்திவாரமும் அரைச்சுவருமாக ஒரு வீடு வருடக்கணக்காக நின்றது. இறால் நன்றாகப் பட்ட வருடங்களில் கொஞ்சம் உயர்ந்தது. என் கல்யாணத்தன்று அப்பா அதன் கதவுத் திறப்பை என் கையில் வைத்தார்.

அந்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மாரிக்கு மாரி வாவி குசினிக்குள், அடுப்படிவரை, வந்து தன் இடத்தைக் கேட்கிறது. இரண்டு மகள்களுக்கும் கல்வீடு கொடுத்த மனிதர், அம்மாவோடு, என் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டுச் சாய்த்து இறக்கிய பத்தியில் படுக்கிறார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள்மேல் கொதிக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காக அந்தக் கூட்டை மூடிய அப்பாமேல் இன்றைக்கும் கொதிக்கிறது. அதில் ஒரு துளியும் குறையவில்லை. எல்லாரையும்விட அந்த மைக் பிடித்த ஆள்மேல் கொதிக்கிறது.

அன்றைக்கு மண்டபத்தில் அப்பா எழுந்து, இது என் சின்ன மகளுக்குக் கட்டுகிற வீடு ஐயா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு இருந்து, அந்த மகள் எடுத்த படத்துக்குக் கைதட்டினார். பக்கத்தில் இருந்த எனக்கு விளங்கியதெல்லாம், இந்த மனிதருக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை என்பது மட்டும்தான்.