ஆறு பேருக்குக் கீழே

பி.யூ.சி. முடித்ததும் என்னைக் காரிமங்கலத்தில் ஒரு புளி மண்டியில் கணக்கெழுத உட்காரவைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த மண்டியை எட்டிப் பார்த்திருக்கிறேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு சாய்வு மேசை, அதன் முன்னால் காலையிலிருந்து அசையாத ஒரு மனிதர். எனக்கோ பஸ் கொஞ்ச நேரம் நின்றாலே இறங்கி நடக்கலாமா என்று கால் பரபரக்கும். அந்தச் சமயத்தில்தான் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பல்பொடி கம்பெனியின் நோட்டீஸ் என் கைக்கு வந்தது.

பெங்களூர் கம்பெனி. ரோஸ் நிறப் பொடி, தகர டப்பா. கடைகளில் கிடைக்காது, ஏஜெண்டுகள்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு ஏஜெண்டும் தனக்குக் கீழே ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரை. கீழே விற்கும் ஒவ்வொரு டப்பாவிலும் மேலே இருப்பவருக்கு ஒரு பங்கு. ஆறு பேர் சேர்ந்து வியாபாரமும் நடந்தால் ஆர்கனைசர் பதவி. ஊர் ஊராகப் போகிற வேலை. பஸ்ஸிலேயே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறாவது படியில் எங்கள் தாலூகாவே தீர்ந்துவிடும் போலிருந்தது. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. அதுதான் கிருஷ்ணகிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஈஸ்டர் வரைக்கும் பார், அதற்குள் ஆர்கனைசர் ஆகாவிட்டால் மறுநாளே மண்டி என்றார்.

வெளியாட்களிடமிருந்துதான் தொடங்கினேன். காரிமங்கலம் சந்தையில் ஒருவரும் நிற்கவில்லை. அரூருக்குப் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறிச் சித்தேரிக்குப் போனேன். அங்கே ஒரு விவசாயி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலில் சாப்பிடச் சொன்னார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாப்பிட்டு முடித்ததும், வேப்பங்குச்சி இங்கே மரத்தில் காய்க்கிறது தம்பி, பொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வருத்தத்தோடு கேட்டார். எனக்கு இல்லையென்று சொல்வது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகும் மூன்று நான்கு முறை அந்தப் பக்கம் போனேன். டப்பா நகரவில்லை. ஆனால் எந்த வீட்டில் என்ன விளைகிறது, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே சொந்த ஊருக்கே திரும்பினேன். எங்கள் தெருவில் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், ஆறு பேரை ஒரே மத்தியானத்தில் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். முதலில் பெரியப்பாவிடம் போனேன். பொடியை முகர்ந்து பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, யாருக்குக் கீழே யார் என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நாளைக்கு சந்தையில நாலு பேரு கேட்டா, தம்பி மவனுக்குக் கீழ இருக்கறேன்னு சொல்லட்டுமாடா?"

எல்லா வீட்டிலும் இதே கதை. மாமன் மருமகனுக்குக் கீழே வர மாட்டார். பெண் கொடுத்த வீட்டுக்காரருக்குக் கீழே பெண் எடுத்த வீட்டுக்காரர் வர மாட்டார். பெங்களூரில் உட்கார்ந்து இந்தத் திட்டத்தைப் போட்டவருக்குச் சொந்தக்காரர்களே கிடையாது போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ராத்திரி யோசித்து, காலையில் ஒரு பெரிய தாளில் மரம் வரைந்தேன். வேர் நான். கிளைகளெல்லாம் அவர்கள். எல்லாரும் மேலே, நான் ஒருவன் மட்டும் கீழே. எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, பாத்திரம் துலக்கி வைப்பது அப்பாவின் அக்காதான். அந்த அத்தையிடம் தாளைக் கொண்டுபோனேன். அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கிளைகளிலும் மரியாதைக் குறைவு இருக்கிறது என்றார். கல்யாணத்தில் யாருக்கு முதலில் வெற்றிலை பாக்கு கொடுப்போமோ அந்த வரிசையில் இருக்கட்டும் என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். பெரியப்பா உச்சிக் கிளைக்குப் போனார். அன்று சாயங்காலமே ஆறு பேரும் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் விற்றார்கள் என்பதும் உண்மை. அத்தை பெரியப்பாவுக்கு விற்றார். வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் மரியாதையா? பெரியப்பா அத்தைக்கு விற்றார். மொய் போலவே நடந்தது. மூடி நெளிந்த ஒரு டப்பாவை நான் மாமாவுக்குக் கொடுத்திருந்தேன். அது தெருவைச் சுற்றிவிட்டு, ஒரு முறம் நிறைய நிலக்கடலையோடு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அம்மா அதற்குப் பதிலாகக் கொஞ்சம் ராகி மாவும் இன்னொரு டப்பாவும் அனுப்பினார். எனக்கு வந்த பங்கெல்லாம் இப்படிப் பதில் செய்வதிலேயே போயிற்று. ஆனாலும் அந்தத் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் நிலக்கடலைக்குக் குறைவே இல்லை.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் பெங்களூரிலிருந்து கம்பெனி மேற்பார்வையாளர் வந்தார். கன்னடம் கலந்த தமிழ். எங்கள் வீட்டில் ஆறு பேரும் கூடியிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த என் மரத்தைப் பார்த்தார், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது தலைகீழா இருக்கு ஸார். இவங்க எல்லாரும் உங்களுக்குக் கீழ அல்லவா?"

நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். ஆறு பேரும் எழுந்து போய்விடுவார்கள், ஆர்கனைசர் பதவியும் அவர்களோடு போய்விடும் என்று பயந்தேன். அத்தைதான் வாயைத் திறந்தார்.

"கொண்டாந்து குடுக்கறவன் கீழதாங்க நிப்பான். எங்களுக்குத் தெரியாதுங்களா? புள்ள ஆசப்பட்டான், சேந்தோம். நீங்க எப்பிடி வேணா எழுதிக்கோங்க."

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "எழுதிக்கோங்க. ஆனா சந்தையில சொல்லாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளருக்கு அத்தையைப் பிடித்துப்போயிற்று. உங்கள் வீட்டில் எல்லாரும் இதில்தான் பல் துலக்குகிறீர்களா என்று ஆவலோடு கேட்டார். அத்தை பொய் சொல்லத் தெரியாதவர். வாங்க காட்டறேன் என்று அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பீடத்தில் இருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள் ஆறும் பொன் மாதிரி மின்னின.

"புளி போட்டாக்கூட இந்தப் பளபளப்பு வராதுங்க. தெருவுல ஒரு வூட்ல குத்துவெளக்கு பாக்கி இல்ல, எல்லாம் இந்தப் பொடியிலதான்."

அவர் ஒரு தண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, சரக்கு உங்கள் சொந்தக்காரர்களுக்குள்ளேயே சுற்றுகிறது, புது ஆள் ஒருவரும் இல்லை, இதற்கு ஆர்கனைசர் பதவி எழுத முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல ஜனங்களை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது கஷ்டம் தம்பி என்றும் சொன்னார். அத்தை கொடுத்த நிலக்கடலையை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

ஈஸ்டருக்கு மறுநாள் நான் மண்டியில் சாய்வு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்பா ஒரு வார்த்தையும் குத்திக்காட்டவில்லை. அதற்கு இன்றுவரை அவருக்கு நன்றி. இரண்டு வாரம் அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது சித்தேரி விவசாயி ஒரு மூட்டைப் புளியோடு மண்டிக்கு வந்தார். மூட்டையை இறக்குவதற்கு முன்பே என்னைப் பார்த்துவிட்டார்.

"பல்பொடித் தம்பிங்களா? மலப்பக்கம் வரவே காணோமே?"

மண்டிக்காரர் நிமிர்ந்தார். மலையில் உனக்கு ஆள் தெரியுமா என்று என்னைக் கேட்டார். யார் வீட்டில் எத்தனை புளியமரம், எவர் கொட்டை எடுத்துக் கொடுப்பார், எவர் அப்படியே கொடுப்பார் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ நாளைக்கு மலை பஸ் ஏறு என்றார்.

இப்போது வாரத்தில் பாதி நாள் நான் பஸ்ஸில்தான் இருக்கிறேன். சித்தேரிக்குப் போனால் அதே வீட்டில் அதே சாமைச் சோறு. ஊருக்குத் திரும்பினால் பெரியப்பா சந்தையில் என்னைக் காட்டி, இவன் எங்களுக்குக் கீழே இருந்த பையன் என்று சொல்கிறார். மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த ஆறு பேரும் என்னைத் தாங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. போன வாரம் அத்தை, தண்டெல்லாம் கறுத்துப்போச்சு கண்ணு, பொடி எங்கேயாவது கிடைக்குமா பார் என்றார். அடுத்த முறை பெங்களூர்ப் பக்கம் சரக்கோடு போகும்போது விசாரிக்க வேண்டும்.