காய்ச்சலோட ஓடுன அப்பா

எங்கப்பா இப்ப மாடிப்படி ஏறுனா பாதியில நின்னுபோட்டு கைப்பிடியப் புடிச்சுக்குவாரு. காரணம் என்னோட காலேஜ் ப்ராஜெக்ட். சுத்தி வளைக்காம மொதல்லயே சொல்லிடறேன்.

பயோடெக் கடைசி வருசம். ரெண்டு மாசம் ஒழுங்கா ஓடுனா ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் சக்திய எப்படி எரிக்குதுன்னு பாக்கறதுதான் தலைப்பு. நோய்கூட சண்டை போடற செல்லுக இதுக. சும்மா இருக்கறப்ப ஆக்சிஜன வெச்சு நிதானமா எரிக்கும். பயிற்சி செஞ்ச உடம்புல அது இன்னும் ஜோரா நடக்கும்னு நாங்க காட்டணும். கிருமி உள்ள வந்துட்டா மட்டும் சர்க்கரைய அவசர அவசரமா எரிச்சுத் தள்ளும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட இத ஒப்பிப்பேன். அதான் கேவலம்.

ஓடறதுக்குப் பேரு குடுத்த ஒருத்தர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கழண்டுக்கிட்டாரு. வேற ஆளு சிக்கல. அப்பா சிங்காநல்லூர்ல ஒரு பட்டறையில லேத் ஓட்டறவரு. "நான் வாரேன் அம்மணி, ஓடறதுக்கு டிகிரி வேணுமா என்ன?"ன்னாரு. கைடு மேடம் சொந்தக்காரங்க வேண்டாம்னு மொகத்தச் சுளிச்சாங்க. அப்புறம் பேர எடுத்துட்டு நம்பர் போட்டுக்கன்னு விட்டுட்டாங்க. அப்பா பதினொன்னு.

காலைல குளத்துக் கரையில ஓட்டம். முடிச்சதும் சார்ட்டுல டிக். சார்ட்டோட கடைசிக் கட்டத்துல ஒரு கேள்வி: சளி, காய்ச்சல் இருக்கா? இருந்தா ஓடக்கூடாது, ரத்தமும் எடுக்க மாட்டோம்.

எங்கூரு ஆளுககிட்ட இந்தக் கேள்வியே வேஸ்ட். கால்ல கட்டுப் போட்டிருந்தாலும் "நல்லாருக்கோமுங்க"ம்பாங்க. கேட்டவங்களுக்கு சங்கடம் குடுக்கக் கூடாதாம். எல்லா சார்ட்டுலயும், எல்லா நாளும், "இல்லைங்க". எழுத்துலயே மரியாதை. லேப்ல அதக் காட்டிக் காட்டி சிரிச்சிருக்கோம்.

ஏழாவது வாரம் ரத்தம் எடுத்தோம். பதினொன்னாம் நம்பர் செல்லுக கண்டமேனிக்கு சர்க்கரைய எரிச்சிட்டிருக்கு.

"மெஷின் லூசாயிருச்சுடி"ன்னேன் கூட இருந்த ஃப்ரெண்டுகிட்ட.

"உங்கப்பா நாலு ஜிலேபிய உள்ள தள்ளிட்டு வந்திருப்பாரு, போய்க் கேளு"ன்னா.

சிரிச்சோம். சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு எழுதி அந்த ரீடிங்க அடிச்சுப்போட்டேன். சாயந்திரம் ஊட்டுக்குப் போயி, "ப்பா, ரத்தம் வீணாப்போச்சுங்க. வெள்ளிக்கெழம மறுபடி குடுங்க. அதுவரைக்கும் ஓட்டத்த உட்டுப்போடாதீங்க"ன்னேன்.

"செரி கண்ணு"ன்னாரு. தொண்டை கரகரன்னு இருந்துச்சு. காதுல நல்லாவே விழுந்துச்சு. ஏன்னு கேக்கல.

வியாழக்கெழம கரையில விழுந்துட்டாரு. நடக்க வந்தவங்க ரெண்டு பேரு ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. வைரஸ் காய்ச்சலு, இதயத் தசை வீங்கிருச்சுன்னாரு டாக்டர். "காய்ச்சலோட எத்தன நாளா ஓடுனீங்க?"

அப்பா மொதல்ல என்னையத்தான் பாத்தாரு. "அஞ்சாறு நாளுங்க. பாதியில நின்னா புள்ளைக்கு மார்க் போயிருமுங்க."

அம்மா செவுத்தப் பாத்துட்டே சொல்லுச்சு: "மாத்திரையப் போட்டுட்டுத்தான் ஓடுனாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அப்பா வாய் பொய் சொல்லுச்சு. செல்லுக சொல்லல. செல்லுக சொன்னத அடிச்சுப்போட்டது நானு.

அந்த ரீடிங்க திரும்பச் சேத்துடலாமான்னு மேடத்துகிட்ட கேட்டேன். ஆரோக்கியமானவங்க மட்டும்தான், அவர எடுத்துருன்னாங்க. எடுத்துட்டேன். வைவாவுல ஒரு சார், "பதினொன்னு எங்கம்மா காணோம்?"ன்னாரு.

"பாதியில வெலகிட்டாருங்க சார்."

மார்க் நல்லாவே வந்துச்சு. பட்டறையில எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டு வான்னு அப்பாதான் அனுப்புனாரு. போனேன். அவரு லேத்துல வேற ஒருத்தர் நின்னுட்டிருந்தாரு. கையெல்லாம் கிரீஸு. வாயத் தொறந்து காட்டுனாரு, நானே ஊட்டிவிட்டேன். "அப்பா எப்ப வாராரு அம்மணி?"ன்னாரு மென்னுக்கிட்டே. இனி வரமாட்டாரு. "நல்லாருக்காருங்க"ன்னேன்.