எஞ்சினுக்குத் திருநீறு பூசியவள்

"வெள்ளிக்கிழமை சாவகச்சேரியிலை இருந்து ஒரு ஆள் வருது. மோட்டச்சைக்கிளைக் கழுவித் துடைச்சு வை பத்மா."

திங்கட்கிழமை காலை, பல்லைக்கூட விளக்கி முடிக்காமல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பஞ்சலிங்கத்தார் தங்கச்சியிடம் சொன்ன சொல் இது. பத்மாசினி வெங்காயத் தறைக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆர் விக்கிறது?" என்றாள்.

"நான்தான். ஒழுகி ஒழுகி முத்தம் முழுக்க எண்ணெய். மூண்டு பேரிட்டைக் காட்டியாச்சு. இனி உது மனுசர் ஓடுற சாமானில்லை."

"அப்ப நான் மனுசரில்லை எண்டு வையுங்கோ அண்ணை. நான் விக்கேல்லை."

"பதிவுப் புத்தகம் ஆற்றை பேரிலை கிடக்கு?"

அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் அடித்தால்தான் இவளுக்கு நோகும் என்று. அடித்தார்.

ஏழாலையில் பத்மாசினியைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பத்தாறு வயது. ஆறு பரப்புத் தோட்டம். கலியாணம் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்று விசாரித்தவர்களிடம் அவள் திருப்பி விசாரித்த விசாரணையில், இப்போது ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாம் ஸ்கூட்டியில் போய்வர, இவள் மட்டும் கியர் போட்டு ஓடும் நூறு சீசீ மோட்டார் சைக்கிளில், பின்னால் வெங்காயச் சாக்கு, இரண்டு பக்கமும் வாழைக்குலை என்று கட்டிக்கொண்டு, விடிய ஐந்தரைக்கு மருதனார்மடம் சந்தைக்குப் போய்விடுவாள். "ஒரு ஸ்கூட்டி எடன் பிள்ளை" என்று யாராவது புத்தி சொன்னால், "ரெண்டு கதலிக்குலை கட்டி ஓடிக் காட்டுங்கோ, பிறகு எடுக்கிறன்" என்பாள்.

அந்த மோட்டார் சைக்கிள் அவளுடைய வெங்காயத்தில் வந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னர் வாங்கும்போது அவளிடம் லைசன்ஸ் இல்லை. "இப்ப என்ரை பேரிலை பதிவம். லைசன்ஸ் எடுத்தாப் பிறகு மாத்துவம்" என்றார் அண்ணர். லைசன்ஸ் மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. பெயர் மாற்றத்தான் இன்றுவரை நாள் வரவில்லை. எப்போது கேட்டாலும் "உன்ரை என்ன, என்ரை என்ன" என்று ஒரு சிரிப்பு. விற்பதென்று வந்ததும் அது சுத்தமாக அவருடையதாகிவிட்டது பாருங்கள்!

விற்றால் என்ன நடக்கும் என்பது பத்மாசினிக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மரக்கறி அண்ணரின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏறவேண்டும். அண்ணர் எழும்பி, குளித்து, தேவாரம் படித்து, பிளேன்ரீ குடித்து அசைந்து வர, சந்தையில் நல்ல விலை போய்விடும். மோட்டார் சைக்கிள் வருவதற்கு முந்திய ஏழு வருடமும் அவள் அப்படித்தான் வேலியடியில் கூடையோடு நின்றாள், கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று. இன்னொரு தரம் அப்படி நிற்பதை விட, தோட்டத்தைத் தரிசாக விடலாம்.

எழும்பினாள். கையில் இருந்த புல்லை எறிந்தாள்.

"ஒழுகுதெண்டுதானே விக்கிறியள்? வியாழக்கிழமைக்கிடையிலை எங்காலை ஒழுகுதெண்டு நான் கண்டுபிடிச்சால்?"

பஞ்சலிங்கத்தார் பற்பசை நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "மூண்டு மெக்கானிக் கண்டுபிடிக்கேல்லை. நீ கிழிப்பாய்."

"கண்டுபிடிச்சால்?"

"நான் பிறகு விக்கிறதெண்டு வாயே திறக்கமாட்டன். மகாதேவி, கேட்டனியெல்லோ?"

கிணற்றடியில் நின்ற அவருடைய மனைவி மகாதேவி, "ஓம் ஓம், காது கேக்குது" என்றாள்.

அந்த ஒழுக்கு புரட்டாதிக் கடைசியில் தொடங்கியது. இப்போது தை. முதலில் ஊர்ச் சந்தியில் ஒருவர் பார்த்தார். கியர் மிதிக்கும் தண்டடியில் சீல் போய்விட்டது என்று புதுச் சீல் போட்டார். ஒரு கிழமை முற்றம் காய்ந்து கிடந்தது. பிறகு பழையபடி எண்ணெய்ப் பொட்டு. சுன்னாகத்தில் மற்றவர், தலைப்பக்க மூடியின் இறப்பர் வளையத்தை மாற்றினார். அதுவும் பத்து நாள். மூன்றாவது ஆள் மருதனார்மடத்து ஜெறோம். நல்ல பிள்ளை, பொய் சொல்லமாட்டான். "அக்கா, ஒண்டை அடைச்சால் மற்றதாலை வருது. இஞ்சினை இறக்கிப் பிரிச்சால் செலவு வண்டியை விடக் கூட. வயசு போட்டுது அக்கா, என்ன செய்யிறது?"

முழங்கால் நோவுக்கு மருந்தெடுக்கப் போன இடத்திலும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். வயசு போட்டுதாம்! வருத்தம் என்னவென்று தெரியாவிட்டால் வயதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பத்மாசினிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரசும் எடுத்துக்கொண்டு குந்தினாள். எஞ்சினின் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்டாள். இப்படித் துடைத்துவிட்டு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஓடினால், எண்ணெய் கசியும் இடம் முதலில் நனைந்து காட்டிக்கொடுக்கும் என்று ஜெறோம் ஒருநாள் கதையோடு கதையாகச் சொல்லியிருந்தான். ஆனால் அவள் வீட்டில் பவுடருக்கு எங்கே போவது? அவள் பவுடர் பூசுகிற ஆளா? சாமித்தட்டைத் திறந்தாள். கோயில் கோயிலாகக் கொண்டுவந்து சேர்ந்த திருநீற்றுப் பொட்டலம் ஒரு பை நிறையக் கிடந்தது. தேயிலை வடியை எடுத்து, அதில் திருநீற்றைக் கொட்டி, எஞ்சினுக்கு மேலே தட்டித் தட்டித் தூவத் தொடங்கினாள்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மகாதேவி நெஞ்சில் கைவைத்தாள்.

"ஐயோ, என்ன விசர் வேலை பாக்கிறாய்? திருநீறெல்லோ அது!"

"வருத்தக்காரருக்குப் பூசிறேல்லையோ மச்சாள்? இதுக்கும் வருத்தம்தான்."

"உன்ரை கொண்ணர் கண்டால் துள்ளுவார்."

"துள்ளட்டும். உடம்புக்கு நல்லது."

அடுத்த நாள் விடிய, வெள்ளை வெளேரென்ற எஞ்சினோடு மருதனார்மடத்துக்கு ஓடினாள். சந்தை வாசலில் நின்றவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! "என்ன பத்மாக்கா, மோட்டச்சைக்கிளுக்கும் தீட்சை குடுத்தாச்சோ?" என்று ஒருவன். "ஆஞ்சநேயர் கோயிலடியிலை நிப்பாட்டுங்கோ, உண்டியலும் வைப்பம்" என்று இன்னொருவன். "முதல் காசு நீ போடு" என்று சொல்லிவிட்டு, மரக்கறியை இறக்கிக் கொடுத்து, நேரே ஜெறோமின் கராச்சில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஜெறோம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். திருநீறு மூன்று இடத்தில் கறுத்து நனைந்திருந்தது. கியர்த் தண்டடி, தலைப்பக்க மூடி, அடியில் பொருத்து.

"சொன்னன்தானே அக்கா. எல்லாப் பக்கமும் போட்டுது."

"பொறு. ரெண்டிலை சீலும் வளையமும் புதுசு. புதுசும் பழசும் ஒரே நாளிலை எப்பிடி ஒழுகும்?"

அவள் குனிந்து எஞ்சினுக்கு எண்ணெய் விடும் மூடியைத் திருகினாள். சூட்டோடு நின்ற எஞ்சின். மூடி கழன்றதும் 'புஸ்ஸ்' என்று ஒரு காற்று அவள் கைக்கு மேலால் சீறிக்கொண்டு போனது.

பத்மாசினிக்கு உடனே புட்டுப் பானை ஞாபகம் வந்தது. பதினொரு வயதிலிருந்து புட்டு அவிக்கிறவள். பானைக்கும் மா போடும் ஓலை நீத்துப்பெட்டிக்கும் இடையில் துணி சுற்றிக் கட்டுவார்கள். மேலே மா அடைத்துக்கொண்டால் ஆவி அந்தத் துணிக்குள்ளால் பீறும். துணியை எத்தனை தரம் இறுக்கிக் கட்டினாலும் பீறும். துணியில் என்ன பிழை?

"தம்பி, இதுக்குள்ளை சூடேறினால் அந்தக் காத்து எங்காலை போறது?"

"பிறீதர் எண்டு ஒரு சின்னக் குழாய் இருக்கு அக்கா. சிலிண்டருக்குப் பின்னாலை. அதிலை ஒரு இறப்பர் ரியூப் இருக்கும்." கையை விட்டுத் தடவினான். "ரியூப் இத்து விழுந்திட்டுது. ஆனா குழாய் திறந்துதான் கிடக்கும்."

"கண்டனியோ?"

"இல்லை, திறந்துதானே..."

"காணாமல் கதையாதை. அங்காலை தள்ளி நில்லு."

நல்ல சட்டையோடு கராச் நிலத்தில் மல்லாந்து படுத்தாள். போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தாள். பின்பக்கத்து இருட்டில், சின்னக் குழாயின் வாயில், எண்ணெயும் புழுதியும் பூசிய உருண்டை ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. சைக்கிள் கம்பித் துண்டொன்றால் சுரண்டினாள். அசையவில்லை. நெம்பினாள். கல்லுப்போல ஒரு துண்டு கழன்று அவள் கழுத்தடியில் விழுந்தது. பின்னாலேயே நீண்ட ஒரு பெருமூச்சு. எஞ்சின்தான் விட்டது.

எழும்பியிருந்து துண்டைத் துடைத்தாள். உள்ளே மஞ்சள் நிறம். நடுவில் மங்கின சிவப்பு. மூக்கடியில் பிடித்தாள். சந்தனம்!

அவளுக்கு வந்த கோபத்தை ஜெறோம் கண்ணால் கண்டான். இரண்டடி பின்னால் போனான்.

நவராத்திரியின் கடைசி நாள், ஆயுத பூசைக்கு, பஞ்சலிங்கத்தார் வளவிலுள்ள இரும்புச் சாமான் ஒன்றையும் விடமாட்டார். மண்வெட்டி, தண்ணீர்ப் பம்ப், லாண்ட்மாஸ்டர், தேங்காய்த் திருவலை, மகாதேவியின் தையல் மெசின், எல்லாவற்றுக்கும் அவர் கையால்தான் பொட்டு. சந்தனம் உதிர்ந்தால் கூடாது என்று அரிசிமாவும் கலந்து குழைத்து, பெருவிரலால் அழுத்திப் பூசுவார். பூசை வைத்த சாமானை அன்று முழுக்க எடுக்கக்கூடாது, மறுநாள்தான் தொடலாம். ஒரு பகலும் ஓர் இரவும் காய்ந்தால் அது சீமெந்துதான். மோட்டார் சைக்கிளுக்கு லைற்றிலும் பெற்றோல் தாங்கியிலும் வைத்த பொட்டெல்லாம் மாரி மழையோடு போய்விட்டது. மொட்டையாக நின்ற குழாயின் வாயில், பக்தியோடு அழுத்தி வைத்த பொட்டு மட்டும் மறைவில் இருந்து நாலு மாதமாக எஞ்சினின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜெறோம் புதுச் சீலையும் வளையத்தையும் தொடவில்லை. குழாயைச் சுத்தமாக்கி ஒரு புது ரியூப் மாட்டினான், அவ்வளவுதான். பத்மாசினி திரும்பவும் துடைத்து, திரும்பவும் திருநீறு தூவி, அன்றும் வியாழக்கிழமையும் சுன்னாகம், மல்லாகம் என்று ஓடினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் வேலியடியில் நின்று கூப்பிட்டாள். "காலமை பாப்பம், இப்ப குனிய ஏலாது, நாரி நோகுது" என்றார் அண்ணர்.

வெள்ளி காலை எட்டு மணிக்குச் சாவகச்சேரித் தம்பிராசா வந்துவிட்டார். பழைய வண்டி வாங்கி விற்கிறவர், கையில் ஒரு பிளாஸ்ரிக் பைல். பஞ்சலிங்கத்தார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பத்மாசினி மோட்டார் சைக்கிளை முற்றத்தின் நடுவில் நிறுத்தி, கால் மணித்தியாலம் ஓடவிட்டாள். பிறகு, "கைவைச்சுப் பாருங்கோ, எண்ணெய் இருக்கோ" என்றாள். தம்பிராசா குனிந்து நாலு பக்கமும் தடவினார். விரலில் திருநீறுதான் வந்தது.

அவள் சந்தனத் துண்டை அண்ணரின் உள்ளங்கையில் வைத்தாள். "இதாலைதான் ஒழுகினது. மூச்சு விடுற குழாயின்ரை வாயிலை இருந்தது."

அவர் முகர்ந்தார். முகம் மாறியது. எட்டிப் பார்த்த மகாதேவி ஓவென்று சிரித்துவிட்டாள். "உங்கடை பெருவிரல் அடையாளம் அப்பிடியே கிடக்கப்பா!"

"சாமிக்கு வைச்ச பொட்டு எப்பிடிப் பிழைக்கும்?" என்று உறுமிப் பார்த்தார் பஞ்சலிங்கத்தார். மகாதேவியின் சிரிப்பு நிற்கவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு பெரிய மனது பண்ணினார். "சரி, சரி. நான் விக்கேல்லை. நீயே வைச்சிரு."

வைச்சிருவாம்! விற்கிறேன் என்று சொன்னபோதுகூட பத்மாசினிக்கு இவ்வளவு சுடவில்லை. வாயைத் திறக்கப் போனாள்.

அதற்குள் தம்பிராசா பைலைப் பிரித்தார். "அப்ப இதை என்ன செய்யிறது பஞ்சண்ணை? புதன்கிழமை நீங்கள் கையெழுத்து வைச்சுத் தந்த பேர் மாத்திற பேப்பர். வாங்கிற ஆளின்ரை பேர் இன்னும் எழுதேல்லை."

பத்மாசினி அண்ணரைப் பார்த்தாள். இவளுக்கு வியாழன் வரை தவணை கொடுத்தவர், புதனே கையெழுத்து வைத்துவிட்டார். கராச் நிலத்தில் இவள் மல்லாந்து கிடந்த அதே புதன். அவர் கண் கிணற்றுப் பக்கம் போய்விட்டது. கண் எரிந்தது இவளுக்கு. அழுதால் போச்சு. அழவில்லை.

"இஞ்சை தாங்கோ அண்ணை" என்று தம்பிராசாவின் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவருடைய சட்டைப்பையில் இருந்த பேனையையும் எடுத்தாள். மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்து, விற்பவர் என்ற இடத்தில் அண்ணரின் கையெழுத்து இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்தாள். இருந்தது. வாங்குபவர் என்ற இடத்தில், கந்தையா பத்மாசினி என்று, எழுத்தெழுத்தாக, அழுத்தி எழுதினாள். கீழே கையெழுத்து வைத்தாள்.

"பத்மா, என்னைக் கேக்காமலோ?" என்றார் பஞ்சலிங்கத்தார்.

"ஓம் அண்ணை, கேக்காமல்தான்" என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவள் சந்தைக்கு வெளிக்கிட்டாள்.