வெள்ளைச் செவுள் மீனுக்குப் பெட்டி போடுதல்

உயிருள்ள மீனுக்குப் பச்சைப் பெட்டி, செத்ததற்குச் சிவப்பு, தெரியாததற்கு மஞ்சள். கணினிப் படத்தில் மீனைச் சுற்றி நிறப்பெட்டி வரைவது, எங்கள் தொழில் இவ்வளவுதான்.

செவுள்

ரிஸ்வானா சிவப்பு மேல் சிவப்பாகப் போட்டுக்கொண்டு போனாள். கிளிநொச்சியில் ஒரு கடைக்கு மேலுள்ள அறையில், எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவள். திரையில் அந்தாட்டிக் கடலின் அடி. பனிக்கு வெகு கீழே, மணலில் வட்ட வட்டமாகக் கூடுகள். கூட்டுக்கு ஒரு மீன் முட்டைகளின் மேல் கிடந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் எண்ணுவதற்காக நாங்கள் ஒவ்வொன்றையும் குறித்துக் கொடுக்க வேண்டும்.

"எல்லாமே செத்திட்டுதா?" என்றேன். அவள் முல்லைத்தீவு மீன் வியாபாரியின் மகள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "செவுளைப் பாருங்கோ, வெள்ளை. பூனைக்கும் வைக்கேலாது."

திரும்பி வந்தது

படங்கள் முழுவதும் திரும்பி வந்தன. மேற்பார்வை பார்க்கும் சுகந்தி அக்கா கடிதத்தை வாசித்தார். அந்த மீனின் இரத்தத்தில் சிவப்பே கிடையாதாம். கடுங்குளிர் நீரில் ஒட்சிசன் நிறையக் கரைந்திருப்பதால் நிறமில்லாத இரத்தமே அதைச் சுமந்து போகுமாம். அதற்காக இதயம் மட்டும் பெரிதாம். இன்னொரு முறை பிழை விட்டால் புதிய ஆளை நிறுத்திவிடும்படியும் எழுதியிருந்தது. புதிய ஆள் ரிஸ்வானா. இந்த வேலையைக் காட்டித்தான் வீட்டில் கலியாணப் பேச்சை ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தாள்.

அவள் உடனே தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தாள். ஒலிபெருக்கியில் பதில் வந்தது. "அப்பிடியொரு மீனை ஆரும் உன்ர தலையில கட்டப் பார்த்தா வாங்காத மகள்."

என் பங்கு

நான் மட்டும் திறமா? எங்கள் பக்கம் குளம் வற்றினால் திலாப்பியா தோண்டிய வட்டக் குழிகள் தெரியும். முட்டையைத் தாய் வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும், குழி வெறுமையாகக் கிடக்கும். அதே நினைப்பில் கடலடியில் கிடந்த வெறுங்கூடுகளுக்கெல்லாம் "தாய் முட்டையுடன் சென்றுள்ளது" என்று குறிப்பு எழுதிவிட்டேன். இந்த மீன் முட்டையை வாயில் எடுப்பதில்லை, கூட்டிலேயே காவல் கிடக்கும்.

சுகந்தி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நீர் பார்க்கிறது இரணைமடுக் குளம் இல்லை."

எல்லாம் பச்சை

அடுத்த தொகுதியில் ரிஸ்வானா பயத்தில் எல்லாவற்றுக்கும் பச்சை போட்டாள். வால் அழுகிய ஒன்றுக்கும் பச்சை. அனுப்பும் முன் அக்கா கண்டுபிடித்தபடியால் தப்பினோம்.

"உயிருள்ளதும் அசையாமல்தான் கிடக்கும். அவசரப்படாமல் வடிவாப் பார்த்துப் போடும்," என்றார் அக்கா.

"ஓம் அக்கா. ஆனா படத்தில ஆர் அசையினம்?"

மஞ்சள்

மூன்றாம் நாள் மத்தியானம் தொகுதி போக வேண்டும். ஒரு ஆளின் பெயரில் பத்துக்கு மேல் மஞ்சள் இருந்தால் அதுவும் பிழைக்கணக்கு. ரிஸ்வானாவிடம் பத்தொன்பது இருந்தது, என்னிடம் ஒன்று. நானும் குனிந்து பார்த்தேன். ஒரு மீனின் கண் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அடுத்ததின் கண்ணும் அப்படித்தான். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன செய்யிறது?" என்றாள். அவள் லுஹர் தொழ எழுந்து போனாள்.

திரைக்கு முன்னால் கண் எரியக் குந்தியிருக்கும் சக பாவிகளே, தெரியாது என்று சொல்வதற்கும் அளவு வைத்த தொழில் நம்முடையது. அவளுடைய மஞ்சள்களில் ஒன்பதைத் தெரிவுசெய்து என் பெயருக்கு மாற்றிவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.